அட்டையில் 'பிரேமியோ ஆண்டர்சன்', விருதுப் பட்டியலில் பெயர் இல்லை

மகளுக்கு வாங்க நினைக்கும் புத்தகத்தின் அட்டையில் 'பிரேமியோ ஆண்டர்சன்' என்ற விருது முத்திரை இருக்கிறது, ஆனால் விருதுப் பட்டியலில் பெயரைக் காணோம், முத்திரை பொய்யா என்று கேட்கிறீர்கள். முத்திரை பொய்யில்லை, நீங்கள் தேடியது வேறொரு விருதின் பட்டியலாக இருக்கும். 'பிரேமியோ ஆண்டர்சன்' இத்தாலியின் சொந்தப் பரிசு. ஜெனோவாவிலிருந்து வரும் 'ஆண்டர்சன்' இதழ் 1982 முதல் சிறுவர் நூல்களுக்கு வழங்குகிறது.

அந்த வேறொரு விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது சர்வதேச விருது. ஈராண்டுக்கு ஒருமுறை, ஒரு புத்தகத்துக்கு அல்ல, ஒருவரின் மொத்தப் படைப்புக்கும் தருவது. இத்தாலியின் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரொதாரி 1970இல் பெற்றது இதைத்தான்.

முத்திரையில் ஆண்டு இருக்கிறதா பாருங்கள். ஒற்றைப்படை ஆண்டு என்றால் அது சர்வதேச விருதாக இருக்க முடியாது.

ஆனால் ஒன்று: மொழிபெயர்ப்பு நூல்களும் இத்தாலியப் பரிசை வெல்வதுண்டு. மகளுக்கு இத்தாலியிலேயே எழுதப்பட்ட கதைதான் வேண்டும் என்கிறீர்களே, அப்படியானால் உள்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.