அன்று வந்தது அலர்ஜிதானா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. 2 வயதில் காதுவலிக்கு அமாக்ஸிசிலின் (பென்சிலின் வகை மருந்து) சிரப் கொடுத்தபோது, ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டுகள் வந்தன. 'பென்சிலின் அலர்ஜி' என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில்: ரத்தப் பரிசோதனை இதற்கு அவ்வளவாக உதவாது. அலர்ஜி இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அதை மட்டும் நம்பி மருந்து கொடுக்க முடியாது. அதைவிட, அன்று என்ன நடந்தது என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கு முக்கியம். பொட்டுகளை ஃபோட்டோ எடுத்திருந்தால் தேடிப் பாருங்கள்.

மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் அரிப்போடு தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் என்று வந்திருந்தால் அலர்ஜி என்றே சந்தேகிக்க வேண்டும். ஐந்தாம் நாள் பொட்டு வந்து, குழந்தை வழக்கம்போல விளையாடிக்கொண்டிருந்தது என்றால் கதையே வேறு. காதுவலியோடு வந்த வைரஸ் கிருமியே பெரும்பாலும் அந்தப் பொட்டுகளுக்குக் காரணம்; பழி மருந்தின் மேல் விழுந்துவிடுகிறது. 'பென்சிலின் அலர்ஜி' என்று முத்திரை விழுந்த குழந்தைகளை முறையாகப் பரிசோதித்தால், 10 பேரில் 9 பேருக்கு மேல் அதே மருந்து ஒத்துக்கொள்கிறது.

உங்கள் மகளுக்கு ஏற்றது, மருந்தையே வாய்வழி கொடுத்துப் பார்ப்பது. அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில், மருத்துவர் முன்னிலையில், முதலில் கொஞ்சம், அப்புறம் மீதி என்று கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் தோலையும் மூச்சையும் கவனிப்பார்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை பெரும்பாலும் உடனடி எதிர்வினை வந்தவர்களுக்குத்தான். பரிசோதனை நாளில் காய்ச்சல், சளி இருக்கக் கூடாது. அரிப்புக்கான அலர்ஜி சிரப்பைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அது எதிர்வினையை மறைத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் தோலைப் பாருங்கள்.

தயவுசெய்து வீட்டில் நீங்களே கொடுத்துப் பார்க்காதீர்கள். அன்று தோல் கொப்பளித்து உரிந்திருந்தாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்திருந்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ இந்தப் பரிசோதனையே வேண்டாம். மருந்தைத் தவிர்ப்பதுதான் சரி.

'எதற்கு வம்பு, வேறு மருந்து கொடுத்தால் போயிற்று' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கும் காதுவலிக்கும் பென்சிலின் வகைதான் முதல் மருந்து. அதை ஒதுக்கினால், தேவைக்கு மேல் வீரியமுள்ள மருந்துகள்தான் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குப் போகும்.

பரிசோதனையில் மருந்து ஒத்துக்கொண்டால், ஃபைலில் 'பென்சிலின் அலர்ஜி' என்ற வரியை நீக்கச் சொல்லி, தேதியோடு எழுதி வாங்குங்கள். பள்ளியிலும் சொல்லிவிடுங்கள்.