பாப்பா எப்ப ராத்திரி முழுக்கத் தூங்கும்? நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதில் தருகிறார். மருந்து அளவு கேட்க வேண்டாம், சொல்ல மாட்டார்.

சேலம், 7 வாரப் பையன்: அக்கா, பகலெல்லாம் தூங்கறான், ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழிக்கிறான். எப்பதான் மாறும்?

பதில்: ஏழு வாரத்துல அப்படித்தான்மா இருக்கும். இருட்டினதும் தூக்கம் வரவைக்கிற மெலடோனின், அவன் உடம்புல நேரம் பார்த்துச் சுரக்க ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவனுக்கு ராத்திரியும் ஒண்ணு, பகலும் ஒண்ணு. வயிறும் சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிச்சிடும்.

இன்னொண்ணு. பச்சக் குழந்தை தூங்கற நேரத்துல பாதி, கண்ணு உருட்டி, உதட்டைச் சுழிச்சு, முனகிக்கிட்டே தூங்கற தூக்கம். நாம அதைப் பார்த்து முழிச்சிட்டான்னு தூக்கிடறோம். முனகினா ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்க, பல சமயம் தானே அடங்கிடுவான்.

பகல்ல ஜன்னலைத் திறந்து வைங்க, மிக்ஸி ஓடட்டும், யாரும் கிசுகிசுன்னு பேச வேணாம். ராத்திரி பால் கொடுக்கறப்ப ட்யூப்லைட் போடாதீங்க, ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். கொஞ்சலும் வேணாம். அதுக்காக ராத்திரிப் பாலை நிறுத்திடாதீங்க, அந்தப் பால்லதான் மெலடோனின் இருக்கு.

மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள நிறைய குழந்தைங்க ஒரே மூச்சா அஞ்சு ஆறு மணி நேரம் தூங்க ஆரம்பிப்பாங்க. எல்லாரும் இல்லை. 2018ல கனடாவுல இருந்து வந்த ஆய்வுல, 6 மாசக் குழந்தைங்கள்ல 38 சதவீதம் பேர் ஒரே மூச்சா 6 மணி நேரம் தூங்கலை. ஒரு வயசுலயும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். அதனால அவங்க வளர்ச்சியில குறை எதுவும் தெரியலை. 1957ல லண்டன்ல ஒரு ஆய்வு செஞ்சப்ப, ராத்திரி 12லேர்ந்து காலை 5 வரைக்கும் தொந்தரவு பண்ணலைன்னாலே நல்லாத் தூங்கற குழந்தைன்னு கணக்கு வெச்சாங்க. "எம்பொண்ணு ஒரு மாசத்துலயே ராத்திரி முழுக்கத் தூங்கினா"ன்னு பக்கத்து வீட்டுல சொன்னா, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க.

திண்டுக்கல், 3 மாதப் பெண்: கேப்பைப் பால் காய்ச்சி ஊத்தினா விடிய விடியத் தூங்கும்னு அத்தை சொல்றாங்க.

பதில்: ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். படுக்கறதுக்கு முன்னாடி தானியக் கஞ்சி கொடுத்தும் பார்த்திருக்காங்க, தூக்கத்துல வித்தியாசம் இல்லை. பிரிட்டன்ல மூணு மாசத்துலயே திட உணவு ஆரம்பிச்ச குழந்தைங்க ஆறாவது மாசத்துல கூடுதலாத் தூங்கினது ராத்திரிக்குப் பதினாறு நிமிஷம் சொச்சம். அத்தைகிட்ட அதைச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

ஆவடி, 4 மாதம்: பவுடர் பாலுக்கு மாறினா தூங்குமா?

பதில்: தூக்கத்துக்காக மாறாதீங்க.

ஓசூர், 5 மாதம்: சளி சிரப் கொடுத்த அன்னிக்கு நல்லாத் தூங்கினான். தினமும் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது தூக்கம் இல்லை, மயக்கம். குளோர்பெனிரமின், பினைலெப்ரின்ங்கற சளி மருந்து ரெண்டும் சேர்ந்த சிரப்பை 4 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு பாட்டில்லயே அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பர்ல அரசு உத்தரவே போட்டாச்சு. வசம்பை உரசி நாக்குல தடவறது, தேன் வைக்கிறது, அதுவும் வேணாம். ஒரு வயசுக்குள்ள தேன் விஷமாகலாம்.

மதுரை, 4 மாதப் பெண்: தூளியில போட்டாத்தான் தூங்கறா. நிறுத்தணுமா?

பதில்: பெரியவங்க பக்கத்துல முழிச்சிருந்தா பகல்ல போடுங்க. ராத்திரி வேணாம். துணி தொய்ஞ்சு முகவாய் நெஞ்சுல இடிச்சா மூச்சுப் பாதை மடங்கிடும்.

தேனி (குறுக்கே): நாங்க நாலு பேரும் தூளியில வளர்ந்தவங்கதான். நல்லாத்தானே இருக்கோம்?

பதில்: நல்லா இருக்கறவங்கதானே தம்பி வந்து சொல்ல முடியும்.

தேனி: பருத்தி வேட்டி, நடுவுல கட்டை வெச்சு விரிச்சா மூச்சு முட்டாது. இலவம் பஞ்சு மெத்தை, சுத்தி நாலு தலையணைன்னு படுக்க வைக்கிறாங்களே, அது மட்டும் பத்திரமா?

பதில்: மெத்தை விஷயத்துல நீங்க சொல்றது சரி. கெட்டியான படுக்கை, மல்லாக்கப் போடணும், தலையணை, பொம்மை எதுவும் கூடாது. மல்லாக்கப் போடச் சொல்லி 1991லேர்ந்து பிரிட்டன்ல பிரசாரம் செஞ்ச பிறகுதான் அங்கே தூக்கத்துலயே உயிர் போற குழந்தைங்க எண்ணிக்கை பாதிக்கு மேல குறைஞ்சது. கட்டை வெச்சா துணி விரியும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி மூணு மணிக்குக் கட்டை நகர்ந்துட்டா யார் பார்க்கறது? குழந்தை குப்புறத் திரும்ப ஆரம்பிச்சா பகல் தூளியும் முடிஞ்சது.

தேனி: எங்க அம்மா பார்த்தாங்க.

பதில்: உங்க அம்மா தூங்கவே இல்லைன்னு சொல்லுங்க! இன்னொரு ஆபத்து பெரிய பிள்ளைங்களுக்கு. காலித் தூளியில உட்கார்ந்து முறுக்கிச் சுத்தி விளையாடறப்ப துணி கழுத்தை இறுக்கி உயிர் போயிருக்கு. பாப்பா எழுந்ததும் துணியை அவிழ்த்து எடுத்துடுங்க.

மதுரை: அக்கா, என் கேள்வி அப்படியே நிக்குது.

பதில்: மன்னிச்சுக்கோ மா. ஒரு வாரம் ஆட்டற வேகத்தைக் குறை. அப்புறம் கண்ணு சொக்கறப்பவே தரையில பாயில போட்டு அவ நெஞ்சுல கை வெச்சுக்கோ. ரெண்டு மூணு நாள் அழுவா.

நெல்லை, 4½ மாதம்: போன மாசம் நல்லாத் தூங்கினான், இப்ப திரும்பவும் முழிக்கிறான். பால் பத்தலையா?

பதில்: எடை ஏறுதா, நல்லா மூத்திரம் போறானா? அப்ப பால் பத்துது. இந்த வயசுல தூக்கத்தோட அமைப்பே மாறுது, நடுநடுவே லேசா முழிப்பு தட்டும். சரியாகும்.

காஞ்சிபுரம், 2 மாதம்: ராத்திரி தூங்கவே மாட்டேங்கறா, எப்ப மாறும்?

பதில்: சேலத்துக்குச் சொன்னதைப் படிங்க.

கரூர், 8 வாரம்: பகல்ல தூங்கறான், ராத்திரி...

பதில்: சேலம்.

தஞ்சாவூர், 6 மாதம்: குப்புறப் போட்டா நல்லாத் தூங்கறான்.

பதில்: மல்லாக்கப் போடுங்க. அவனாத் திரும்பினா விடுங்க, நீங்க திருப்பாதீங்க.

விழுப்புரம், 5 மாதப் பையன்: தூங்கி எழுந்ததும் திடுக்குனு தலையைக் குனிஞ்சு ரெண்டு கையையும் விரிக்கிறான். வரிசையா பத்துப் பதினஞ்சு தடவை. ஒரு வாரமா இருக்கு. வயித்து வலின்னு ஓமத் தண்ணி கொடுத்தோம். தூக்கம் சரியில்லாததாலயா?

பதில்: ஓமத் தண்ணியை நிறுத்துங்க. இது தூக்கப் பிரச்சினையும் இல்லை, வயித்து வலியும் இல்லைன்னு தோணுது. இந்த வயசுல தூங்கி எழுந்ததும் கொத்துக் கொத்தா வர்ற ஒரு வகை வலிப்பு இருக்கு, பார்க்க வலிப்பு மாதிரியே இருக்காது. நாள் கடத்தினா மூளை வளர்ச்சி பாதிக்கும். அடுத்த தடவை வர்றப்ப போன்ல வீடியோ எடுங்க, கிடைக்கலைன்னாலும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுக்குப் போய் ஈஈஜி (மூளையோட மின் அலையைப் பதிவு செய்யற பரிசோதனை) எடுக்கணும்னு கேளுங்க. மத்தவங்க கேள்வியெல்லாம் நாளைக்குப் பார்க்கறேன். விழுப்புரம், கிளம்பிட்டீங்களான்னு மட்டும் இங்கே ஒரு வரி போடுங்க.