கையேட்டை அச்சிட்டு பைண்டிங் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: என் பைக்கின் சர்வீஸ் கையேடு 312 பக்க பிடிஎஃப் கோப்பாக இருக்கிறது. எந்தத் தாளில் அச்சிட்டு, எந்த பைண்டிங் செய்வது நல்லது?

பதில்: 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள) தாளில் இருபுறமும் அச்சிட்டால் 156 தாள்கள் வரும். அந்தக் கனத்தில் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் என்பதால், கையேடு முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும். தாள் இதைவிட மெலிந்தால், கருமையான படங்களின் நிழல் மறுபக்கத்தில் தெரியும். வண்டியின் அருகே தரையில் விரித்து வைத்து, கையில் கிரீஸோடு பார்க்க வேண்டிய புத்தகம் இது என்பதால் ஸ்பைரல் பைண்டிங்கையே பரிந்துரைப்பேன். முதுகில் பசையிட்டு ஒட்டும் கம் பைண்டிங் அலமாரியில் அழகாக நிற்கும். ஆனால் தட்டையாக விரியாது, அழுத்தி விரித்தால் நாளடைவில் தாள்கள் கழன்றுவிடும்.

கேள்வி: முழுவதையும் கலரில் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், வயரிங் படம் உள்ள பக்கங்கள் மட்டும் கலரில் இருந்தால் போதும், கருப்பு வெள்ளையில் பச்சை ஒயரும் நீல ஒயரும் ஒரே சாம்பல் கோடாகிவிடும். படம் 142ஆம் பக்கத்தில் இருந்தால், அதே தாளின் முன்புறமான 141ஆம் பக்கத்தையும் சேர்த்தே கலருக்குக் கொடுங்கள். பிடிஎஃப் காட்டும் வரிசை எண்ணையே கடைக்காரரிடம் சொல்லுங்கள். அட்டையும் பொருளடக்கமும் முன்னால் இருப்பதால், பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

கேள்வி: சென்ற முறை பக்கத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு வந்தன. ஏன்?

பதில்: கோப்பு அமெரிக்க லெட்டர் அளவில் இருந்திருக்கலாம். அது 216 மி.மீ. அகலம், ஏ4 தாளோ 210 மி.மீ. தான். பக்கத்தைத் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் "ஃபிட்" அமைப்பில் அச்சிட்டால் சரியாகிவிடும். தையல் பேட்டர்ன் போல அளவு மாறக்கூடாதவற்றுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: இருபுறமும் அச்சிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாள் எந்த விளிம்பில் புரள்கிறது என்பதை. நெட்டையான பக்கங்களுக்கு நீள விளிம்பு. நானே ஒருமுறை அவசரத்தில் குறுகிய விளிம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பின்பக்கங்கள் அனைத்தும் தலைகீழாக வந்து, ஒரு கட்டுத் தாள் வீணாயிற்று. அன்றிலிருந்து முதல் நான்கு பக்கங்களை மட்டும் எடுத்து, புரட்டிப் பார்த்த பிறகே மீதியை ஓட்டுகிறேன். பைண்டிங் வரும் ஓரத்தில் (முன்புறத்தில் இடது, பின்புறத்தில் வலது) 15 மி.மீ. இடம் விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இல்லையென்றால் ஸ்பைரலுக்குப் போடும் துளை எழுத்தின் மேலேயே விழும்.

கேள்வி: நான் தமிழில் தயாரித்த பயிற்சிக் கையேட்டை வேர்டு கோப்பாகக் கொண்டுபோனேன், கடைக் கணினியில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

பதில்: நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லை. வீட்டிலேயே, எழுத்துருவும் உள்ளே பதியும்படி பிடிஎஃப் ஆக மாற்றி, அதைக் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.