ஆபீஸில் பாதியை உள்வாடகைக்கு விடலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் 1,200 சதுர அடி எடுத்து சாஃப்ட்வேர் வேலை செய்கிறேன். வாடகை 36,000 ரூபாய். ஒப்பந்தம் முடிய 22 மாதம் இருக்கிறது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் ஒரு பக்கம் சும்மா கிடக்கிறது. மேஜை, நாற்காலி, ஏசியோடு அதைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். கட்டடக்காரர் துபாயில். அவரிடம் சொல்லாமலே விடலாமா? எவ்வளவு கேட்கலாம்?
- ஒரு வாசகர், சுங்கான்கடை

பதில்: சொல்லாமல் விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இடத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால், அதையே காரணம் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியும். அதற்கு முன்பே வேறொரு முட்டுக்கட்டை வரும். வருகிறவர் அந்த முகவரியில் ஜிஎஸ்டி பதிவு எடுக்கப் போனால், உரிமையாளர் பெயரிலுள்ள கரண்ட் பில் அல்லது சொத்துவரி ரசீதும், அவருடைய சம்மதக் கடிதமும் தேவைப்படும். மறைத்து வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

வாட்ஸ்ஆப்பில் வந்த 'சரி'யை நம்பி நிற்காதீர்கள். எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, எந்தத் தேதி வரை என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ஊரில் பவர் வாங்கியவர் கையெழுத்திடுவதானால், உள்வாடகைக்குச் சம்மதிக்கும் அதிகாரம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வாடகை வசூலிக்க மட்டும் எழுதிய பவர்தான் பலரிடம் இருக்கிறது. உள்வாடகை விவரத்தை வாடகை அதிகாரியிடமும் தெரிவிக்க வேண்டும்.

இனி தொகை. 600 சதுர அடிக்கு உங்கள் வாடகையில் பாதி, 18,000. அறைகலன்களின் இன்றைய மதிப்பு (வாங்கிய விலை அல்ல) 3 லட்சம் என்று வைத்தால், 36 மாதத்தில் திரும்ப வர மாதம் 8,333. ஆக 26,300 அளவில் கேட்கலாம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் இதன்மேல் 18 சதவீதம், அதாவது 4,734 ரூபாய். வந்தவரும் பதிவு பெற்றிருந்தால் அதைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். வருமானவரியில் ஒன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள்: கட்டடம் உங்களுடையதல்ல என்பதால் வீட்டுச் சொத்து வருமானத்துக்கான 30 சதவீதக் கழிவு கிடைக்காது. ஆனால் நீங்கள் கொடுக்கும் வாடகையைச் செலவாகக் காட்டலாம்.

தகராறு பெரும்பாலும் சாமான்களில்தான் வரும். 'மேஜை 8, நாற்காலி 10' என்று எழுதினால் பட்டியல் ஆகாது. ஏசியின் உள், வெளி யூனிட் இரண்டின் சீரியல் எண், ஒவ்வொரு நாற்காலியின் கேஸ் லிஃப்ட் (உயரத்தை ஏற்றி இறக்கும் தண்டு) இறங்காமல் நிற்கிறதா, யுபிஎஸ் பேட்டரியில் அச்சிட்ட தயாரிப்பு மாதம் எல்லாம் வேண்டும், தேதியுடன் போட்டோவும். பேட்டரி எப்படியும் சில வருடங்களில் சாகும். தேதி எழுதாவிட்டால் அந்தச் சாவு வந்தவர் தலையில் விழும், அல்லது உங்கள் தலையில். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பார்ட்டிகிள் போர்டு மேஜையின் அடிவிளிம்பு ஈரம் குடித்து உப்பும், பூட்டிய அறையில் ரெக்ஸின் நாற்காலி பூஞ்சை பிடிக்கும். இதைத் தேய்மானமாக எடுப்பதா, சேதமாக எடுப்பதா என்று முன்பே எழுதிவிடுங்கள். தண்ணீர் கொட்டி உப்பியது வேறு, காற்று ஈரத்தில் உப்பியது வேறு. ஏசி சர்வீஸ் யார் பொறுப்பு என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

கரண்டுக்குச் சப் மீட்டர் போடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நடுவில் காலி செய்பவரிடம் கணக்குத் தீர்க்க வேறு வழியில்லை. 1.5 டன் ஏசி ஒன்றே சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். அவர் இன்னொன்று மாட்ட நினைத்தால், அனுமதித்த மின்சுமை போதுமா என்று முதலில் பாருங்கள். இன்டர்நெட்டை மட்டும் பகிராதீர்கள். உங்கள் பெயரிலுள்ள இணைப்பில் அவர் செய்வதற்கெல்லாம் விசாரணை உங்களிடம்தான் வரும்.

காலம் 22 மாதம் வேண்டாம், 21 மாதம் போடுங்கள். கடைசி மாதம் சுவர் பூசவும் சாமான் எடுக்கவும் உங்களுக்கே வேண்டும். கட்டடக்காரர் உங்களுக்கு இரண்டு மாத நோட்டீஸ் தரலாம் என்றிருந்தால், நீங்கள் உள்வாடகைக்கு வருகிறவருக்கு மூன்று மாத நோட்டீஸ் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு வருடத்தைத் தாண்டும் ஒப்பந்தம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம். அட்வான்ஸை மூன்று மாத வாடகையாக வைத்து, சாமான் சேதத்தை அதில் கழிக்கலாம் என்று தனி வரியில் எழுதுங்கள். கீழே பெயர்ப்பலகை வைக்க இடம் உண்டா என்பதையும் உரிமையாளரின் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.