தனி ஆள், ஒரே நாள், காட்டுக்குப் போகலாமா?

கேள்வி: விடுமுறைக்குத் தனியாக வந்திருக்கிறேன், கையில் ஒரே ஒரு நாள். காட்டு விலங்குகளைப் பார்க்கத் தனி ஜீப் எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மற்றவர்களோடு சேர்ந்து போகும் வண்டியே மேல், செலவும் குறையும், தேடுவதற்கு நாலைந்து ஜோடிக் கண்களும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் விடியற்காலை முதல் சவாரியையே பிடியுங்கள். வெயில் ஏறிவிட்டால் பெரும்பாலான விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும், அப்புறம் மரங்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நீல ஜீன்ஸைத் தவிர்ப்பது நல்லது, மான்களின் கண்ணுக்குச் சிவப்பைவிட நீலம்தான் பளிச்சென்று தெரியும் (வேடிக்கைதான்!). பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்கினால் போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் காட்சி ஆடும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.