சோவியத் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் இன்றைய ரஷ்ய மொழி நாவல்களை எதிலிருந்து தொடங்கிப் படிக்கலாம்?

குஸேல் யாஹினாவின் ‘சுலெய்ஹா கண் திறக்கிறாள்’ (2015). ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். 1930, குளிர்காலம், ஒரு தாத்தார் கிராமம். சுலெய்ஹா விடியுமுன் எழுந்து, கணவனுக்குத் தெரியாமல் பரணேறி ஒரு துண்டு பாஸ்திலா எடுக்கிறாள். ஆப்பிள் கூழைக் காயவைத்துச் செய்யும் இனிப்பு அது. அதை ஊர் எல்லையைக் காக்கும் ஆவிக்குப் படைக்கிறாள். செத்துப்போன தன் நான்கு பெண் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அந்த ஆவி இடுகாட்டு ஆவியிடம் பரிந்து பேச வேண்டும், அதற்குத்தான். பிறகு வரும் பேரழிவில் அவள் எதை இழக்கிறாள் என்பது இந்த ஒரு துண்டு இனிப்பில் இருக்கிறது.

அவள் குடும்பத்துக்கு ‘குலாக்’ என்று பட்டம் கட்டி, அவளை ஊரைவிட்டு வெளியேற்றுகிறார்கள். தமிழில் படிப்பவர்கள் தடுமாறுவது இந்தச் சொல்லில்தான். வசதியான விவசாயியைக் குறிக்கும் சொல்லும், சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களின் தலைமை நிர்வாகத்தைக் குறிக்கும் சுருக்கப் பெயரும் நம் எழுத்தில் ஒன்றாகவே விழும். ரஷ்ய மொழியில் இரண்டும் வேறு வேறு. சுலெய்ஹா போவது முள்வேலி முகாமுக்கு அல்ல; சைபீரியாவில் அங்காரா ஆற்றங்கரையில் அமையும் குடியேற்றத்துக்கு. குடும்பமாக வாழலாம், வெளியேற முடியாது. முகாம் இலக்கியத்தை எதிர்பார்த்து வருபவர்கள் இதை மென்மையான நாவல் என்று தள்ளிவிடுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். அவள் கணவனைச் சுட்டவனே அங்கே அதிகாரி. அவனோடுதான் அவள் பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது.

அடுத்தது சாஷா ஃபிலிபென்கோவின் ‘செஞ்சிலுவை’ (2017). பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்கில் தொண்ணூறு வயது தாண்டிய தத்யானாவுக்கு மறதி நோய். தன் வீட்டை அடையாளம் காண, கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து வைக்கிறாள். போர்க்காலத்தில் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தபோது, ஜெனீவாவிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய போர்க்கைதிகள் பட்டியலில் தன் கணவன் பெயரைக் காண்கிறாள். அதை எடுத்துவிட்டு, வேறொரு சிப்பாயின் பெயரை இரண்டு முறை தட்டச்சு செய்கிறாள். ஏன் என்று புரிய, 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் பிறப்பித்த 270ஆம் எண் ஆணை தெரிந்திருக்க வேண்டும்: சரணடைந்த அதிகாரிகளின் குடும்பத்தாரைக் கைது செய்யலாம். இடையிடையே வரும் செஞ்சிலுவைச் சங்கக் கடிதங்கள் வறட்டு ஆவணங்கள்போல இருக்கும். தாண்டிவிடாதீர்கள், பதில் வராத அந்தக் கடிதங்கள்தான் நாவலின் முதுகெலும்பு.

யெவ்கேனி வொதலாஸ்கினின் ‘விமானி’யை (2016) கடைசிக்கு வையுங்கள். 1900இல் பிறந்தவன், வெண்கடல் தீவுகளில் இருந்த சொலவ்கி சிறை முகாமில் உறையவைக்கப்பட்டு 1999இல் கண்விழிக்கிறான். அவன் நாட்குறிப்பில் தேதி இருக்காது, கிழமை மட்டுமே. பின்பாதியில் மூவர் மாறி மாறி எழுதுகிறார்கள். போகப்போக யார் எழுதுவது என்ற குறிப்பும் நின்றுவிடும். ஒவ்வொருவர் பேச்சுப் பாங்கையும் முன்பே கவனித்து வைத்துக்கொண்டால் அங்கே வழி தவறாது.