பாதி முகம்

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளி, 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குத் திறந்தது. பிள்ளைகள் எல்லாரும் எனக்குப் புதியவர்கள். ஒரு மாதமாகக் கண்ணையும் நெற்றியையும் வைத்துத்தான் பழகுகிறேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றியபோது பாதிப் பேரை யாரென்றே தெரியவில்லை. காது மந்தமான ஒரு பெண் இருக்கிறாள். கத்திப் பேசினாலும் வெறுமனே தலையாட்டுகிறாள். கழற்றிவிட்டுப் பாடம் நடத்தவும் பயம், வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். என்ன செய்யலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கழற்ற வேண்டாம். உங்கள் பயம் நியாயமானது.

முதலில் அந்தப் பெண். கத்துவதால் பெரிய பலன் இல்லை. முகக்கவசம் குரலில் உள்ள உயர் சுருதி ஒலிகளைத்தான் அதிகம் விழுங்குகிறது. ச, த, ட போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதிதான். கத்தும்போது ஆ, ஓ என்ற உயிரொலி பெரிதாகிறதே தவிர சொல் தெளிவதில்லை. நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று நிறுத்திப் பேசிப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் தமிழாசிரியை, எழுத்துகளின் பிறப்பை நடத்தியிருப்பீர்கள். இதழ் இரண்டும் பொருந்தினால் ப, ம. மேற்பல் கீழிதழைத் தொட்டால் வ. நமக்கு அது மனப்பாடம் செய்த இலக்கணம், அவளுக்கு அதுதான் பாதிக் காது. அதிலும் 'பாடு', 'மாடு' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். எது என்பதைப் பேச்சின் போக்கை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டும். மாஸ்க் வருவதற்கு முன்பும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவள் பட்டிருக்கும் பாடு அது! இப்போது உதடும் மறைந்துவிட்டது. அவள் தலையாட்டுவது, மறுபடி மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுத்தான் என்று நினைக்கிறேன். அதனால் எந்தப் பாடம், எந்தப் பக்கம், புதிய சொற்கள் என்னென்ன என்பதைப் பேசுவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். எழுதிக்கொண்டே பேச வேண்டாம். வாய் தெரியும்படி நடுவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் வைத்த முகக்கவசமும் உண்டு. மூச்சுப் பட்டு மங்கிவிடும், ஆனாலும் கிடைத்தால் வாங்குங்கள்.

மற்ற பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கடந்த மே மாதம் எட்டு நாள் கொரோனா வார்டில் கிடந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடையில் வந்துபோன யாரையும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. ஒரே ஒரு செவிலியர் மட்டும் நெஞ்சில் மார்க்கரால் தன் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார். கட்டிலருகே வந்ததும் முதலில் பெயரைச் சொல்வார், பிறகுதான் ஊசி. அந்தப் பெயருக்காக நான் இரவெல்லாம் காத்திருந்திருக்கிறேன். அவர் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது.

2015இல் எபோலா பரவிய லைபீரியாவில் மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் இதையே ஒரு திட்டமாகச் செய்தார். மருத்துவப் பணியாளர்களைச் சிரித்த முகத்தோடு படமெடுத்து, ஸ்டிக்கராக அச்சிட்டு, கவச உடையின் மேல் ஒட்டிக்கொள்ளச் செய்தார். வருவது யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யலாம். எல்லார் வீட்டிலும் புகைப்படம் இருக்காது. சரி, படம் வரையச் சொல்லுங்கள். மாஸ்க் இல்லாத தன் முகத்தை வரைந்து, பெயரெழுதி, சட்டையில் குத்திக்கொள்ளட்டும். முதல் படம் உங்களுடையதாக இருக்கட்டும். அவர்களும் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லையே. முன்பு ஒரு புன்னகையில் முடித்திருக்கக்கூடிய பாராட்டை இப்போது வாய்விட்டே சொல்லுங்கள், பெயரையும் சேர்த்து.

அந்தப் பெண்ணுக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தால் வசதி என்பதை அவளிடமே கேளுங்கள், ஒரு தாளில் எழுதி. அவள் எழுதும் பதிலை எனக்கும் தெரிவியுங்கள்.